அக்காவின் வலக்கண்

கொல்லிமலையில் மிளகு பறிப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் பழுத்துச் சிவந்துவிட்டால் அந்தச் சரத்தைப் பறித்துவிடலாம். எல்லா மணிகளும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி பறவைக்கும் மண்ணுக்கும் போய்விடும். ஒன்றுகூடச் சிவக்காத சரத்தைப் பறித்தால் காய்ந்தபின் மணி சுருங்கி எடை நிற்காது. ஆகவே சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியில் நிற்பவருக்குக் கையைவிடக் கண்ணே முதற்கருவி. எங்கள் அக்காவின் வலக்கண்ணில் குறை இருப்பதை முதலில் அறிவித்தவர் மருத்துவர் அல்லர். அந்தச் சிவப்புதான் அறிவித்தது.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது அக்காவின் தம்பியர் இருவரைக் குறிக்கும். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் நாமக்கல்லில் லாரிப் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். எழுதுவது மூத்தவர் எனினும், இதில் நாங்கள் கொண்ட அச்சமும் செய்த பிழையும் இருவருக்கும் பொதுவானவை. ஆதலால் பன்மையே பொருத்தமென்று தோன்றுகிறது.

2021ஆம் ஆண்டு தை மாதம். வளப்பூர் நாட்டில் உள்ள தோட்டத்தில் அக்கா மிளகு பறித்துக்கொண்டிருந்தார். இடக்கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கியபடி வலக்கண்ணால் மட்டும் சரத்தைப் பார்த்தபோது, பழுத்த மணிகள் காவி படிந்த பழைய துணியைப் போல் வெளிறித் தெரிந்தனவாம். கையை எடுத்து இரு கண்களாலும் பார்த்தார், சிவப்பு திரும்பிவிட்டது. வயது நாற்பத்தொன்பது, கண்ணாடிக்கான காலம் வந்துவிட்டது என்று எண்ணி அதை எவரிடமும் சொல்லவில்லை. வலியில்லை, கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. இந்நோயின் இயல்பே அதுதான் என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

அடுத்த ஓராண்டில் இருமுறை கண்ணாடி மாற்றினார். அடிவாரத்து நகரம் ஒன்றில் பார்த்த மருத்துவர் பார்வை நரம்பில் அழற்சி என்று முடிவு செய்து ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார். சில வாரங்கள் சற்றுத் தெளிந்ததுபோல் இருந்தது; மருந்து நின்றதும் பழையபடி மங்கியது. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நரம்பழற்சி பரவலாகக் காணப்படுவது. அக்காவுக்கு இருந்ததோ அரிதினும் அரிது. முதலில் வருவதைத்தான் முதலில் ஐயுறுவார்கள்.

2022 ஜூனில் சேலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தோம். சென்னையில் நரம்புசார் கண் மருத்துவர் ஒருவர் அந்தப் படத்தை ஒளித்திரையில் வைத்து எங்களை அருகே அழைத்தார். கண்கோளத்தின் பின்னாலிருந்து மூளை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பு நடுவில் கருமையாகவும், அதன் இருபுறமும் வெள்ளைக் கோடுகள் இரண்டு இணையாகவும் தெரிந்தன. தண்டவாளம் போலிருக்கிறதல்லவா என்று கேட்டார். மருத்துவ நூல்களிலேயே இதற்கு டிராம் பாதை அடையாளம் என்றுதான் பெயராம். இரயிலே ஏறாத மலையில் பிறந்த அக்காவின் கண்ணுக்குள் ஒரு தண்டவாளம்.

*

நோயின் பெயர் பார்வை நரம்பு உறை மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றியிருக்கும் மூன்று மென்சவ்வுகள் பார்வை நரம்பையும் உறைபோல் போர்த்திக்கொண்டு கண்கோளம் வரை வருகின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளைக் கொண்ட அந்நரம்பு, அவ்வகையில், மூளையின் நீட்சியே ஆகும். அந்த உறையின் நடுப்படலத்து உயிரணுக்கள் மிக மெதுவாகப் பெருகி நரம்பைச் சுற்றிச் சட்டைக்கை போல் இறுக்குகின்றன. மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922இல் அமெரிக்க மூளை அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங் இட்டார். மெனிஞ்சியோமாக்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பார்வை நரம்பின் உறையில் தோன்றுபவை. நடுவயதுப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று. உடலின் வேறிடங்களுக்குப் பரவுவதில்லை. ஆனால் இருக்கும் இடம் அத்தகையது. விரல்நுனி அளவுகூட இல்லாத ஒன்று ஒரு கண்ணின் உலகத்தை மெல்ல அணைத்துவிட முடியும்.

பார்வை நரம்பைத் தாக்கும் மற்றொரு கட்டி கிளியோமா. அது நரம்புக்குள்ளேயே தோன்றுவது; குழந்தைகளிடம் மிகுதி. வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு தீங்கு செய்யும் என்பதால் குழந்தைகளுக்குக் கதிர் சிகிச்சையைக் கூடியவரை தவிர்த்து மருந்துகளையே முதலில் நாடுகிறார்கள். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு நாங்கள் கண்டதையெல்லாம் படித்து அஞ்சியதுண்டு. ஆகவே இங்கே பிரித்துச் சொல்கிறோம்.

அன்று மருத்துவர் அறையில் அக்கா இல்லை. சொட்டு மருந்து விட்டு வெளியே அமர்த்தியிருந்தார்கள். நாங்கள் வெளியே வந்து, "நரம்புல வீக்கமாம், மருந்து சாப்பிட்டா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டோம். 'கட்டி' என்ற சொல்லை விழுங்கினோம். பத்து நாள்கள் அப்படியே கழிந்தன. எங்களுக்குள் கைப்பேசியில் பேசிக்கொண்டு, எடுத்துவிடும் அறுவை வல்லுநர் யாரென்று தேடிக்கொண்டிருந்தோம். கட்டி என்றால் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் எங்கள் அறிவு செல்லவில்லை.

அடுத்த முறை மருத்துவர் அக்காவையே எதிரில் அமர்த்திப் பேசத் தொடங்கியபோது எங்கள் பொய் உடைந்தது. திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் அக்கா கேட்டார்: "என் கண்ணுக்குள்ள இருக்கறது எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா எப்படிடா தம்பி?" கோபமாகக் கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்போம். அவர் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

*

அறுவை ஏன் கூடாது என்பதை மருத்துவர் எளிமையாக விளக்கினார். நரம்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அந்த உறையின் வழியாகவே நுழைகின்றன. உறையைப் பற்றியிருக்கும் கட்டியை உரித்தெடுத்தால் குழாய்களும் அறுபடும், நரம்பு பட்டுப்போகும். கட்டி போகும், பார்வையும் உடன் போகும். அதே காரணத்தால்தான் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். படத்தைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

நாங்கள் மீண்டும் மீண்டும் "எடுக்கவே முடியாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா குறுக்கிட்டார். "மரத்துல பிடிச்ச மிளகுக்கொடிய வெடுக்குன்னு இழுத்தா பட்டையோடதான் வரும். அதத்தானே சொல்றாங்க?" மருத்துவர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டு காத்திருப்பது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மாற்றமின்றி இருப்பதுண்டு. மற்றொன்று, பார்வை குறைந்து வருவது உறுதியானால் கதிர் சிகிச்சை. பல ஆண்டுகள் கண் மருத்துவ உலகம் இரண்டாவதைத் தயங்கியே அணுகியது. 2002இல் வெளியான ஆய்வொன்று 64 நோயாளிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்து, சும்மா இருந்தவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரைக் காட்டிலும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் பார்வையே நன்கு காக்கப்பட்டதாகக் காட்டியது. அதன்பின் கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைப் பல கோணங்களிலிருந்து குவித்துச் சிறு சிறு அளவாகக் கொடுக்கும் முறை வேரூன்றியது.

ஆனால் மருத்துவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: இச்சிகிச்சை கட்டியைக் கரைப்பதற்கன்று. கதிர் பட்ட உயிரணுக்கள் பெருகும் ஆற்றலை இழக்கும். கட்டி பெரும்பாலும் இருந்த அளவிலேயே இருக்கும். இருக்கும் பார்வை மேலும் போகாதிருப்பதே வெற்றி. சற்றுத் திரும்பினால் அது கூடுதல் பேறு. எங்களுக்கு இது பெருத்த ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு செலவும் அலைச்சலும் இருப்பது இருந்தபடி இருப்பதற்கா?

அக்காவுக்கு ஏமாற்றம் இல்லை. வேறு கேள்வி இருந்தது. "இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஆறு வாரம் சென்னையில் தங்கினால் பறிப்பு என்னாவது? மலையை விட்டு அவ்வளவு நாள் அவர் இறங்கியதே இல்லை. பத்து நாள் பொய் சொன்னவர்களுக்கு வற்புறுத்தும் தகுதி இல்லை என்பதால் அம்முறை வாய்மூடி இருந்தோம். நவம்பரில் மீண்டும் சோதித்தபோது வலக்கண் 6/24க்கு இறங்கியிருந்தது. பார்வைப்புலத்தின் கீழ்ப்பாதி கருகத் தொடங்கியிருந்தது. மருத்துவர் சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் முன் காட்டி, இடக்கண்ணில் நூறு என்றால் வலக்கண்ணில் எவ்வளவு சிவப்பு என்று கேட்டார். அக்கா சற்று எண்ணி, "முப்பது" என்றார். ஊருக்குத் திரும்பியதும், பறிப்பு முடிந்து மார்ச்சில் போகலாம் என்று அவரே நாள் குறித்தார்.

*

'ரேடியேஷன்' என்ற சொல் எங்களுக்கு முன்பே மலையேறிவிட்டது. செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் அக்காவுக்குப் புற்றுநோய் என்று பேச்சு. கதிர்வீச்சு என்றாலே இறுதிக்கட்டம் என்று மக்கள் எண்ணுவதில் வியப்பில்லை. தமிழகத்தில் அச்சொல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடு பிணைந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் திறக்கப்பட்டது அது. 1950களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் 60 கருவி கொண்டு அங்கே கதிர் சிகிச்சை நடந்தது. அந்தக் காலத்திலிருந்து இக்கலை எவ்வளவோ நுண்மை பெற்றுவிட்டது. 2019இல் சென்னையிலேயே புரோட்டான் சிகிச்சை மையம் ஒன்றை அப்பல்லோ தொடங்கியது. குறித்த ஆழத்தில் நின்றுவிடும் துகள்கற்றை என்பதால் குழந்தைகளுக்கும் மூளைக்கு அண்மையிலுள்ள கட்டிகளுக்கும் அதனால் நன்மை மிகுதி. அக்காவுக்கு ஒரு கண்ணில் மட்டும் இருப்பதால் வழக்கமான எக்ஸ் கதிரே போதும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். காப்பீட்டு அட்டை, மிளகு விற்ற பணம், இளையவரின் சேமிப்பு என்று செலவு மூன்றாகப் பங்கிடப்பட்டது.

அக்காவுக்கோ அச்சொல் வேறாக ஒலித்தது. கதிர் என்றால் அவருக்குச் சாமைக்கதிர், தினைக்கதிர். "கதிர் வைத்தியத்துக்குப் போறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். இருபதாண்டுக் காலம் சொல்லாராய்ச்சி கற்பித்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

முதலில் முகக்கவசம். வலைபோன்ற நெகிழிப் பலகையை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் படியவைத்தார்கள். சில நிமிடங்களில் இறுகி முகத்தின் அச்சாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் அதே இடத்தில் இருப்பதற்காக அதனை மேசையோடு பூட்டுவார்கள். கவசத்தோடு எடுத்த சி.டி. படத்தை எம்.ஆர்.ஐ. படத்தோடு பொருத்தி, கட்டியை ஒரு நிறத்திலும், கண்வில்லை, கண்ணீர்ச் சுரப்பி, பிட்யூட்டரி, இரு நரம்புகளும் குறுக்கிடும் இடம் ஆகிய காக்கப்படவேண்டியவற்றை வேறு நிறங்களிலும் வரைந்தார்கள். திட்டமிட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. கதிர் பாய்ச்சுவதோ சில நிமிட வேலை.

கதிரின் அளவைக்குக் கிரே என்று பெயர். லூயி ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் நினைவாக இட்டது. அக்காவுக்கு நாளொன்றுக்கு 1.8 கிரே, 28 நாள்கள், மொத்தம் 50.4 கிரே. ஒரேயடியாகக் கொடுத்தால் நரம்பு தாங்காது. சிறிது சிறிதாகக் கொடுத்தால், இரண்டு தவணைக்கிடையே நல்ல உயிரணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். கட்டியின் உயிரணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

2023 மார்ச் 6, திங்கட்கிழமை தொடங்கியது. சனி, ஞாயிறு, புனித வெள்ளி தவிர்த்து ஏப்ரல் 13 வரை. மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை எடுத்து, நாங்கள் முறைவைத்துத் துணைக்கு இருந்தோம். மூன்றாம் வாரத்தில் வலப்பொட்டுக்கு மேல் கைப்பிடி முடி உதிர்ந்தது. களைப்பு மிகுந்தது, பிற்பகல் முழுதும் உறங்கினார். விழித்திருக்கும் வேளையில் மாமாவிடம் கைப்பேசியில், களத்தில் காயும் மிளகைப் பனி இறங்குமுன் அள்ளினாரா என்று விசாரித்தார்.

ஒருநாள் வெளியே வந்து, உள்ளே நீலமாய் ஒளி தெரிகிறது என்றார். மூடிய கண்ணுக்குள் எப்படி ஒளி தெரியும் என்று நாங்கள் கலங்கினோம். தொழில்நுட்பர், பலர் அப்படிச் சொல்வதுண்டு என்று ஆற்றுப்படுத்தினார். பின்னர் படித்தறிந்தோம்: விரைந்து செல்லும் மின்துகள்கள் கண்ணுக்குள்ளிருக்கும் பளிங்குநீர்மத்தைக் கடக்கையில் செரன்கோவ் ஒளி என்னும் நீல ஒளி பிறக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மத் ஆய்வாளர்கள் நோயாளியின் கண்ணில் அதைப் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். மங்கிய அந்தக் கண் அந்த ஒளியைக் கண்டது என்பதே எங்களுக்கு ஆறுதலாயிருந்தது.

சித்திரை முதல் நாள் ஊர் திரும்பினோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள். வழக்கமாக எண்ணிக்கொண்டே வரும் அக்கா அன்று பத்தாவது வளைவிலேயே உறங்கிவிட்டார்.

*

ஆறு மாதங்களுக்குப் பின் எடுத்த படத்தில் தண்டவாளம் அப்படியே இருந்தது. முன்பாயின் நாங்கள் நொந்திருப்போம். இப்போது மருத்துவர் "மாற்றமில்லை" என்றதும் இருவரும் ஒரே வேளையில் மூச்சு விட்டோம். 2024 ஏப்ரலில் பார்வை 6/18. பார்வைப்புலத்தின் கருகல் சற்று விலகியிருந்தது. 2025 மார்ச்சிலும் அதே நிலை. கதிரின் தீங்குகள் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும் என்பதால், விழித்திரையையும் பிட்யூட்டரி சுரப்பு நீர்களையும் தொடர்ந்து சோதிக்கிறார்கள். கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து நாள்தோறும் உண்டு. முடிந்துவிட்டது என்று சொல்லும் நாள் இந்நோயில் இல்லை.

எங்கள் மலைக்குப் பெயர் தந்த பழம்பாடல்களில் கொல்லிப்பாவை அடிக்கடி வருகிறாள். எட்டுக்கை அம்மனையே அப்பாவை என்று வணங்குவோர் மலையில் உண்டு. பெண்ணின் அழகுக்கு உவமை என்று நாங்கள் அதை வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நற்றிணையில் பரணர், காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் கெடாமல் நிற்பவளாக அவளைப் பாடுகிறார். அவள் எதையும் வென்றாள் என்று அங்கே இல்லை. கெடாமல் நின்றாள் என்றுதான் இருக்கிறது. தமிழில் பாவை என்பது கண்ணின் கருமணிக்கும் பெயர். இவ்வாண்டு அப்பாடலை நடத்தும்போது, நிற்பதும் ஒரு செயல்தான் என்று மாணவர்களிடம் சொன்னோம். ஏன் அவ்வாறு சொல்ல நேர்ந்தது என்பதை அங்கே விளக்கவில்லை. இங்கே விளக்கியாயிற்று.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இரு கண்களும் ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மற்றதை மூடிக்கொண்டு, சிவப்பான ஏதேனும் ஒன்றைப் பாருங்கள். இரண்டும் ஒரே சிவப்பு இல்லையென்றால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் எவருக்கேனும் நோய் என்று தெரிந்தால், அதை முதலில் அவரிடமே சொல்லுங்கள்.

சென்ற பறிப்பின்போது நாங்கள் இருவரும் தோட்டத்தில் இருந்தோம். அக்கா ஏணியில் நின்றபடி இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு சரமொன்றை உற்றுப் பார்த்தார். கீழேயிருந்து இளையவர், "எவ்வளவுக்கா?" என்று கேட்டார்.

"அம்பது இருக்கும்" என்றார் அக்கா. கையை எடுத்துவிட்டு இரு கண்களாலும் ஒருமுறை பார்த்து, அந்தச் சரத்தைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டார்.